இடப்பக்கத்து யன்னல்

போன மாதம் கண் காட்டுவதற்காக மருமகளோடு யாழ்ப்பாணம் போய் வந்தேன். பஸ்ஸில் போகலாம் என்றுதான் நான் சொன்னது. பஸ் குலுக்கும், கோச்சி என்றால் சுகமாகப் போகலாம் என்று மருமகள் ரிக்கற் எடுத்துவிட்டாள். கிளிநொச்சி ஸ்ரேசனில் ஏறி இருந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மயக்கம் இல்லை. சத்தம் இல்லை, அதுதான் காரணம். நான் அறிந்த கோச்சி கடக் கடக் என்று சொல்லிக்கொண்டு போகும். இது ஒன்றும் சொல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மருமகளிடம் கேட்டேன். இப்போது தண்டவாளங்களை மூட்டில்லாமல் ஒட்டிவிடுகிறார்களாம்.

“நல்லதுதானே மாமி, தலையிடிக்காது” என்றாள்.

நல்லதுதான். ஆனால் சத்தம் போடாமல் வருகிற கோச்சியை நினைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் இருக்கை வலப்பக்கம். எழும்பி இடப்பக்கத்து யன்னலுக்குப் போனேன். அங்கே ஒரு பெடியன் காதில் வயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவனைத் தாண்டித் தலையை நீட்டினேன். கண்ணைத் திறந்தவன், நான் சத்தி எடுக்கப்போகிறேன் என்று நினைத்து இடத்தையே விட்டுவிட்டு அங்கால் போய்விட்டான். நல்ல பிள்ளை.

நான் எதைப் பார்க்கப் போனேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். அவசரம் இல்லையென்றால் இருங்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் எதற்கும் யோசிக்கிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படலைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மழை பெய்தால் வெள்ளத்துக்கு யோசிப்பேன், பெய்யாவிட்டால் வயலுக்கு யோசிப்பேன். ஒன்றுமே நடக்காத நாளில், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று யோசிப்பேன். இது எனக்கு அப்புவிடமிருந்து வந்தது. காணி தம்பிக்குப் போனது, எனக்கு இது.

அப்பு என்றால் எங்கள் அம்மாவின் தகப்பன். றெயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர்களுக்குக் கங்காணியாக இருந்து பென்சன் எடுத்தவர். எங்கள் வீடு கரடிப்போக்குப் பக்கம், லைனுக்கும் வயலுக்கும் நடுவில். குடியேற்றத் திட்டத்தில் ஐயாவுக்குக் கிடைத்த காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனமெல்லாம் வாய்க்காலுக்குக் கிட்டக் காணி வேண்டும் என்று அடிபட்டபோது, அப்பு மட்டும் லைனுக்குக் கிட்ட எடுக்கச் சொன்னாராம். ஐயாவும் மாமனார் சொல்லுக்கு மறுப்பில்லாமல் எடுத்துவிட்டார். பிறகு தண்ணீர் வந்து சேராத ஒவ்வொரு போகத்திலும் அதைச் சொல்லிக் காட்டினார். அப்பு, கோச்சி நேரத்துக்கு வருகிறதுதானே என்பார்.

அப்பு பக்கத்தில் வந்தால் சிலிப்பர்கட்டைக்குப் பூசுகிற தார் எண்ணெய் மணக்கும். பென்சன் எடுத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் மணத்தது. அம்மா அவருடைய வேட்டி சால்வையைத் தனியாக ஊறவைத்து, தனிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துப் பார்த்தார். கடைசியில் எங்களுடைய உடுப்பும் மணக்கத் தொடங்கிய பிறகு விட்டுவிட்டார். எனக்கு அந்த மணம் பிடிக்கும். இப்போதும் எங்கேயாவது தார் ஊற்றி வீதி போட்டால் அந்த இடத்தில் நான் மெதுவாகத்தான் நடப்பேன். வேலை செய்கிற பெடியள் நான் வழி கேட்கப்போகிறேன் என்று நினைப்பார்கள்.

பென்சன் எடுத்த அன்று கொடி, விளக்கு, விசில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவர், நீளப் பிடி போட்ட சுத்தியலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது களவோ என்று நான் அந்த வயதிலேயே யோசித்திருக்கிறேன். தலை றெயில்வேயினுடையது, பிடி தன்னுடையது, தலையைக் கழற்றிக் கொடுத்தால் பிடிக்கு என்ன வேலை என்பது அப்புவின் கணக்கு.

சுத்தியலின் வேலை இதுதான். அந்தக் காலத்துப் பாதையில் தண்டவாளத்தை அசையாமல் இறுக்கிப் பிடித்திருப்பவை ஆப்புகள். கோச்சி போகப் போக அவை இளகும். அதனால் தினமும் காலமை, கோச்சி வருவதற்கு முன்னால், ஒருவர் பாதை வழியே நடந்துபோய் ஆப்புகளைத் தட்டிப் பார்த்து இறுக்க வேண்டும். அப்பு வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். கட்டில் கால், கதிரை, துலா, மாட்டுக் கொட்டில் தூண் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். தம்பி பிறந்தபோது ஏணை கட்டின வளையைத் தட்டிய தட்டில் பிள்ளை வீரிட்டுக் கத்தியது. ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாமா, இது வீடோ லைனோ?”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுபோல அப்பு அவரைப் பார்த்தார். அல்லது கேள்வி அவருக்குக் கேட்டிருக்காது. ஆயுள் முழுக்க இரும்பில் இரும்பால் அடித்ததில் அவருடைய காது போய்க்கொண்டிருந்தது. அதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சாப்பிட்டியளோ என்று கேட்டால், ஓம், கன்று நல்ல சுகம் என்பார். கன்றும் சுகமாகத்தான் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை. மேலே படிப்பதானால் பளைக்குப் போகவேண்டும். அங்கே சின்னம்மா இருந்தபடியால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. பெட்டைப்பிள்ளைக்கு எட்டுப் போதும் என்று ஐயா சொன்னார். அப்புதான் விடவில்லை. என்னை ஸ்ரேசன் மாஸ்ரர் ஆக்குவது அவருடைய எண்ணம். பெண் ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவரையும் நாங்கள் கண்டதோ கேட்டதோ இல்லை. அப்பு அதை ஒரு தற்காலிகத் தட்டுப்பாடாகத்தான் கருதினார்.

“இவள் பாஸ் பண்ணட்டும். கதிரையை ஆர் குடுக்கேல்லை எண்டு பாப்பம்.”

ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். காது கேட்காத மனிதரோடு வாதாடி வெல்வது கஷ்டம்.

அப்படி நான் பளைக்குப் போகத் தொடங்கிய முதல் நாள், விடியவே அப்புவைக் காணவில்லை. அம்மாவோடு கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு நடந்துபோய், வேறு பிள்ளைகளோடு காலமைக் கோச்சியில் ஏறினேன். கோச்சி வடக்கே போகும்போது திரும்பவும் எங்கள் வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். வீட்டைக் கடந்தது, வயலைக் கடந்தது, பரந்தன் கைகாட்டிக்குக் கிட்ட வந்தது. அங்கே இடப்பக்கம், உருத்திரபுரப் பக்கத்துச் சரிவில், அப்பு நின்றார். சுத்தியலை நேரே மேலே தூக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை.

கிளிநொச்சியிலிருந்து அவ்வளவு தூரமும் ஆப்புகளைத் தட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். பின்னேரம் ஏன் என்று கத்திக் கேட்டேன்.

“பிள்ளை போற லைன். வேறை ஆரை நம்பிறது?”

நம்புவதற்கு ஆள் இருந்தது. மீரான் நானா என்று ஒருவர், முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம், அந்தத் துண்டுக்குச் சுத்தியல் தூக்குகிற வேலை அவருடையது. அப்புவுக்குக் கீழேதான் முதலில் வேலைக்கு வந்தவர். பென்சன்காரர் லைனில் நடக்கக்கூடாது. மேலிடத்தில் யாராவது கண்டால் மீரான் நானாவுக்குத்தான் கரைச்சல். ஒருநாள் எங்கள் படலையடியில் வைத்துக் கேட்டார்.

“கங்காணியார், நான் தட்டினதைத்தானே நீங்கள் திருப்பித் தட்டுறியள்?”

“நீ தட்டினியோ எண்டுதான் பாக்கிறன்.”

அதற்குப் பிறகு மீரான் நானா முறையை மாற்றிக்கொண்டார். அப்பு முன்னால் தட்டிக்கொண்டு போவார், அவர் பின்னால் தட்டிக்கொண்டு வருவார். அந்தத் துண்டுப் பாதை அளவுக்குத் தட்டு வாங்கின பாதை இலங்கையில் இருந்திருக்காது. அப்பு ஒரு இளகின ஆப்பைத்தானும் கண்டுபிடித்ததாக நான் அறியவில்லை. மீரான் நானா அவ்வளவு நல்ல வேலைக்காரர். தான் நடக்கிறபடியால்தான் ஒன்றும் இளகவில்லை என்றார் அப்பு. இல்லை என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இருக்கவில்லை.

இப்படித்தான் இடப்பக்கத்து யன்னல் என்னுடையதானது. மற்றப் பெட்டைகள் யன்னலுக்குச் சண்டை பிடிப்பார்கள். நான் பாடத்தை எழுதிக் கொடுத்தாவது அதைப் பிடித்துவிடுவேன். அங்கே இருந்துதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். முதலில் பரந்தன் கைகாட்டியடியில் நின்ற அப்பு, அடுத்த மாரிக்கு மதகடியில் நின்றார். பிறகு மதகுக்கு இங்கால், பனையடியில். கோச்சி அதே நேரத்துக்குத்தான் வந்தது. அப்புதான் மெதுவாகிக்கொண்டிருந்தார். கோச்சி ஒவ்வொரு நாளும் அவரைக் கொஞ்சம் முன்னதாகவே பிடித்தது. மிச்சப் பாதை என்னாகிறது என்று கேட்டேன். அங்கால் உள்ளது தன் கையால் போட்ட பாதை, அது அசையாது என்றார்.

என்னுடைய யோசனை அங்கே தொடங்கியது. காது கேட்காத மனிதர் லைனில் குனிந்துகொண்டு நடக்கிறார். பின்னாலிருந்து கோச்சி வருகிறது. அந்தக் கோச்சியில் நான் இருக்கிறேன். நான் போகிறபடியால்தான் அவர் நடக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு எனக்குத் தினமும் வந்தது.

அப்புவிடம் சொன்னால் காலைக் காட்டுவார்.

“காது எதுக்கு? தண்டவாளத்திலை காலை வைச்சால் கோச்சி கிளிநொச்சியிலை வெளிக்கிடேக்கையே கால் சொல்லும்.”

அது உண்மை. அவர் செருப்புப் போடமாட்டார். கொஞ்சத் தூரம் போவார், ஒரு காலைத் தண்டவாளத்தில் வைத்து நிற்பார், பிறகு போவார். அந்த வெறுங்காலை நம்பித்தான் நானும் பளைவரை போய் வந்தேன்.

வெறுங்காலில் நடந்தால் முள் ஏறும். பின்னேரத்தில் முள் எடுப்பது என் வேலை. ஊசியை விளக்கில் சுட்டுக்கொண்டு போய் அவருடைய காலை மடியில் வைத்துக்கொள்வேன். அவர் ஸ்ஸ் என்பார், மெல்ல மோனை என்பார், நான் முறைப்பேன். ஒருநாள் குதிக்காலில் ஒரு ஈச்சமுள் முறிந்து உள்ளேயே இருந்தது. கறுத்துப் போயிருந்தது, எப்போது ஏறியதோ தெரியாது. ஊசியை விட்டுக் கிண்டினேன். இரத்தம் வந்தது. இன்னும் ஆழமாக விட்டேன். அப்பு முறிகண்டிக் காட்டில் லைனில் படுத்திருந்த யானையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊசியை எடுத்துவிட்டு நகத்தால் நெருடி முள்ளை இழுத்தேன். யானை அப்போதுதான் எழும்பியது. அவர் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

“நோகேல்லையோ அப்பு?” என்று கத்தினேன்.

“எடுக்கப்போறியோ? மெல்ல எடு மோனை.”

சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை கூடிக் கால் மரத்துவிட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வருத்தத்தின் பெயர் தெரியாது. அந்தக் கால் இனி ஒன்றும் சொல்லாது என்பது மட்டும் தெரிந்தது. முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் யானைக் கதையை முடித்தார். நான் சிரிக்கவில்லை என்று குறைப்பட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒன்றில், கோச்சி எங்கள் வீட்டைக் கடந்ததும் கடக்காததுமாக ஊதத் தொடங்கியது. நிறுத்தாமல் ஊதியது. பெட்டி இழுபட்டு, மேலே வைத்த பைகள் விழுந்தன. நான் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டிருந்தேன், பின்னால் ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோச்சி நிற்கவில்லை, ஊர்ந்தது. சரிவில் மீரான் நானா நின்றார். அவருடைய சுத்தியல் எங்கேயோ கிடந்தது. இரண்டு கையாலும் அப்புவின் சால்வையைப் பிடித்திருந்தார். அப்புவின் வாய் அசைந்தது. சால்வையை இழுத்ததற்கு ஏசுகிறார் என்று விளங்கியது. ஏசிக்கொண்டே என் பெட்டியைக் கண்டார். ஏச்சை நிறுத்தி, சுத்தியலை நேரே தூக்கிப் பிடித்தார்.

அன்று பளையில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

பின்னேரம் மீரான் நானா படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஐயாவிடம் சொன்னால் சண்டை வரும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

“பிள்ளை, எல்லா நாளும் நான் எட்டிப் பிடிக்கிற தூரத்திலை நிப்பன் எண்டு இல்லை. நான் சொன்னால் கேக்கமாட்டார். நீ சொல்லு.”

நான் சொன்னேன். இனி லைனில் நடக்க வேண்டாம் என்று அப்புவின் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னேன். அவருக்கு அது பகிடியாகப் பட்டது.

“நீ போறதை விடு, நான் நடக்கிறதை விடுறன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நடக்காத காரியம் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

அடுத்த நாள் விடிய அவர் சுத்தியலை எடுக்க வந்தபோது நான் குசினி வாசலில் பள்ளிக்கூடச் சட்டை போடாமல் இருந்தேன்.

“நான் இனிப் போகேல்லை அப்பு.”

அவர் கிட்ட வந்து குந்தினார். தார் எண்ணெய் மணத்தது. நேற்றுக் கோச்சி இழுபட்டதில் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

“பயமோ? லைன் வடிவா இருக்கு பிள்ளை. நீ யோசியாதை. இண்டைக்கு நான் இன்னும் வெள்ளெனப் போய் ரண்டு தரம் பாக்கிறன்.”

காரணத்தைச் சொன்னால், கால் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க அவர் அன்றைக்கே யாழ்ப்பாணம்வரை நடப்பார். அவரை எனக்குத் தெரியும்.

“பயமில்லை. எனக்குப் படிப்பு ஏறேல்லை” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எதையும் மூன்று தரம் கத்தவேண்டிய மனிதருக்கு அது முதல் தரமே கேட்டது.

“ஏறேல்லையோ?”

“ஓம்.”

பிறகு எழும்பிப் போய்ச் சுத்தியலை அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். கோச்சி எங்கள் வீட்டைக் கடந்து போனது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஐயாவுக்குச் சந்தோஷம். எட்டுப் போதும் என்று தான் முதலே சொன்னதாக எல்லாருக்கும் சொன்னார். அப்பு வந்தவர்களிடம், எங்கடை பிள்ளைக்கு எல்லாம் இருக்கு, மண்டைதான் கொஞ்சம் காணாது என்று அன்பாகச் சொல்லுவார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். அவர் அதற்குப் பிறகு லைனுக்குப் போகவில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் கதையையும் எடுக்கவில்லை. கட்டில் கால்களை மட்டும் தட்டினார்.

எனக்குக் கொடிகாமத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கலியாணம் முடிந்து அடுத்த நாள் காலமைக் கோச்சியில் புறப்பட்டோம். வழியனுப்ப எல்லாரும் ஸ்ரேசனுக்கு வந்தார்கள், அப்புவைத் தவிர. தூக்கி வளர்த்த மனிதர் ஒரு சொல் சொல்ல வரவில்லையே என்று அம்மா அழுதார். நான் இடப்பக்கத்து யன்னலடியில் இருந்தேன். புது மாப்பிள்ளை வலப்பக்கம் காற்று நல்லது என்றார். எனக்குக் காது கேட்கவில்லை.

வீட்டைக் கடந்து கொஞ்சத் தூரத்தில், வயல் தொடங்குகிற இடத்தில், சரிவில் இரண்டு பேர் நின்றார்கள். மீரான் நானா, கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடிப்பதுபோல அப்புவின் சால்வைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் சுத்தியலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் வீட்டுக்கு வந்தபோது அப்பு அதைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்.

“அண்டைக்கும் ஒண்டும் இளகேல்லை.”

அவர் கட்டிலில்தான் செத்தார். நாலு காலையும் அன்றுவரை தட்டிப் பார்த்த கட்டில். லைனில் போகவில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் ஆகாத ஒருத்திக்கு அது போதும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. சில நாட்களில் போதாது.

தம்பியின் காணியில் ஒரு துண்டு வாங்கி நாங்கள் பிறகு வன்னிக்கே திரும்பி வந்துவிட்டோம். சண்டை வந்தது, கோச்சி நின்றது. மீரான் நானா அதற்கு முதலே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகவேண்டி வந்தது, புத்தளம் பக்கம் என்று கேள்வி. தண்டவாளத்தையும் சிலிப்பர்கட்டையையும் கழற்றிப் பங்கர்களுக்கு மேலே போட்டார்கள். எங்கள் பங்கருக்கு மேலும் இருந்தது. செல் விழுகிற நேரம் உள்ளே குந்திக்கொண்டு, அந்தக் கட்டையில் தார் எண்ணெய் மணக்கிறதா என்று மோந்து பார்த்திருக்கிறேன். மண்தான் மணத்தது. இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த சாமான்களோடு சுத்தியலும் போய்விட்டது. தலையும் போனது, பிடியும் போனது.

இப்போது உள்ள பாதையில் தட்டுவதற்கு ஆப்பு இல்லை. கட்டையும் சீமெந்து. பெடியன் விட்டுத் தந்த யன்னலால் பார்த்தேன். கரடிப்போக்கு வந்தது, எங்கள் பழைய வளவு வந்தது, வயல் வந்தது. பனையைக் காணவில்லை, மதகு புதிதாக இருந்தது. பரந்தன் வந்துவிட்டது.

“மாமி, அங்கை ஆரைப் பாக்கிறியள்?” என்றாள் மருமகள்.

ஒருவரையும் இல்லை என்றேன். அது உண்மை, சரிவில் ஒருவரும் நிற்கவில்லை. சரிவில் அவர் நிற்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒன்றுதான் தெரியும்: அவர் இன்னும் லைனில்தான் நடக்கிறார். கோச்சி ஆனையிறவு தாண்டும்வரை ஊதுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.